பரிந்துரையும் பந்தியும்

விருந்தும் விலையும்

உணவைக் குறைகூறுதல் பண்பற்ற செயல் என்று தமிழர் நெடுங்காலமாகக் கருதி வந்துள்ளனர். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது முதியோர் வாக்கு. உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைப்பவனைச் சமுதாயம் மன்னிப்பதில்லை. வள்ளுவரும் விருந்தோம்பலுக்கென ஒன்பதாம் அதிகாரத்தை வகுத்தார். அவ்வதிகாரம் விருந்தளிப்பவன் கடமையையும் அவன் எய்தும் பயனையும் பேசுகிறதே அன்றி, இட்ட உணவை விருந்தினன் எடைபோடுவது பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அது முறையே. வீட்டில் இடப்படும் சோற்றில் உப்புக் குறையலாம், அன்பு குறைவதில்லை. அன்புக்கு விலையும் இல்லை, அளவுகோலும் இல்லை.

உணவகத்தில் இடப்படும் சோற்றின் நிலை வேறு. அது விலைக்கு விற்கப்படும் பண்டம். சாயம் போகும் சேலையைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கத் தயங்காத தமிழர், உணவகத்தில் சுவைகெட்ட பொரியலை இலையோரம் ஒதுக்கிவிட்டு, "நன்றாக இருந்தது" என்று கூறிப் பணம் செலுத்தி எழுகின்றனர். வீட்டுப் பந்திக்குரிய நாகரிகத்தைக் கடைப் பந்திக்கும் கொண்டு செல்லும் இம்மயக்கம், மேலோட்டமாகப் பார்ப்பார்க்கு நற்பண்பாகவே தோன்றும். அதனால் விளையும் கேட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பேராக் மாநிலத்துத் தைப்பிங் நகரில் ஒரு குடும்பத்தார் உண்ட இரவு உணவு அதற்குச் சான்றாகிறது. உணவகத்தின் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. அதன் நிலையிலுள்ளவை நாடெங்கும் பல.

மழை நகரும் அதன் பந்தியும்

தைப்பிங் பெயர் பெற்ற நகரம். லாருட் பகுதியின் ஈயச் சுரங்கங்களை முன்னிட்டுச் சீனக் குழுவினர் நிகழ்த்திய போர்கள் 1874இல் ஓய்ந்த பின், 'நிலைத்த அமைதி' என்னும் பொருள்படும் இப்பெயர் அதற்கு வழங்கலாயிற்று. 1876 முதல் 1937 வரை அது பேராக்கின் தலைநகராக விளங்கிற்று. நாட்டின் முதல் இருப்புப்பாதை 1885இல் இங்கிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்திற்குத் திறக்கப்பட்டது. அவ்வூர் இன்று கோலா செபெத்தாங் எனப்படுகிறது. ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட பள்ளங்கள் 1880 தொடங்கி ஏரிப் பூங்காவாக உருப்பெற்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 4000 மில்லிமீட்டர் மழை பெறும் நகரம் அது. மாலையில் மழை வருமா, வாராதா என்று ஊரார் பந்தயம் கட்டுவர் என்னும் பேச்சு இன்றும் வழங்குகிறது.

இருப்புப்பாதையிலும் மருத்துவமனையிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்றிய தமிழரும், சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழரும் இந்நகரின் இந்திய உணவகங்களை வாழவைத்தனர். ஈப்போவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே பழைய நெடுஞ்சாலையில் சென்ற லாரி ஓட்டுநரும் இங்கே பசியாறிச் சென்றனர். இவர்கள் ஒரு நாள் வந்து மறைபவரல்லர். நாள்தோறும் அல்லது வாரந்தோறும் அதே மேசையில் அமர்ந்தவர்கள். குழம்பில் புளி மிகுந்தால் அன்றே உரக்கக் கேட்டார்கள். "என்னங்க அண்ணே, இன்னைக்குப் புளி மூட்டை கவிழ்ந்திருச்சா?" என்னும் ஒரு வினா போதும், மறுநாள் புளி தன் அளவில் நின்றது. ஏட்டில் எழுதப்படாத திறனாய்வு அது. அந்நாளைய உணவகங்களின் புகழ், அடுப்படியில் நின்ற கைகளால் மட்டும் அமைந்ததன்று. எதிரே அமர்ந்து குறைகூறிய நாக்குகளுக்கும் அதில் பங்குண்டு.

பின்னர் நிலை மாறிற்று. தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. சில துண்டாடப்பட்டு வீடமைப்புக்குச் சென்றன. பால்மரம் வெட்டிய குடும்பங்கள் நகரங்களின் ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தன. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையுற்ற பின், ஊருக்குள் நுழையாமலேயே வண்டிகள் விரைந்தன. இன்று தைப்பிங்கிற்கு வருவோருள் பலர் ஏரிப் பூங்காவின் தூங்குமூஞ்சி மரங்களையும், விலங்குத் தோட்டத்தையும், மாத்தாங் அலையாத்திக் காட்டின் கரிச்சூளைகளையும் காண வருபவர். 2019இல் பெர்லின் சுற்றுலாக் கண்காட்சியில் நீடித்த வளர்ச்சிக்கான நகரங்களுள் மூன்றாமிடம் பெற்ற செய்தி நகரின் பெயரை மேலும் பரப்பியது. வருவோர்க்குப் பசிக்கும், பசித்தவர்க்கு ஒரு பெயர் வேண்டும். அப்பெயரைத் தருவது பரிந்துரை.

இலையில் கண்டது

ஜொகூரிலிருந்து வந்த குடும்பத்தார் ஐவர்க்கும் அவ்வாறே ஒரு பெயர் தரப்பட்டிருந்தது. உறவினர் ஒருவர் கூறினார். உடன் பணிபுரிபவர் கூறினார். விடுதிக்கு அழைத்துச் சென்ற வாடகை வண்டிக்காரரும் அதே பெயரைக் கூறினார். வாழையிலைச் சாப்பாடும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் உண்ண வேண்டுமானால் அங்குதான் என்பது மூவரின் முடிபு. பகலெல்லாம் ஊர் சுற்றிய பின், இரவு எட்டு மணியளவில், பெய்யும் மழையில் ஐந்தடி நடைபாதையோரம் ஒதுங்கி நின்று, இடம் கிடைத்ததும் அவர்கள் அமர்ந்தனர்.

இலை தூயதாக இருந்தது. பரிமாறிய இளைஞர் முகம் சுளிக்கவில்லை. தயிர் புளிப்பேறாமல் கெட்டியாக இருந்தது. நிறைகளை முதலில் கூறுதல் திறனாய்வுக்கு அழகாதலின் இவை முதலில் குறிக்கப்பட்டன. குறைகளோ நிறைகளை விஞ்சி நின்றன.

சோறு நண்பகலில் வடித்தது. ஆவியில் மீண்டும் சூடேற்றப்பட்டமையால் மேற்புறம் நீர்த்தும் உள்ளே விறைத்தும் கிடந்தது. பாகற்காய் வறுவலின் உயிர் அதன் மொறுமொறுப்பு. எட்டு மணி நேரம் தட்டில் கிடந்த வறுவலில் கசப்பும் எண்ணெயும் மட்டுமே எஞ்சியிருந்தன. முட்டைக்கோசு பழுப்பேறியிருந்தது. அப்பளம் நமுத்துப் போயிருந்தது. மழை ஊரில் அப்பளம் விரைவில் நமுத்துவிடும் என்பதை அவ்வூர்ச் சமையற்காரர் அறியாதவரல்லர். பொரித்தவுடன் தகர டின்னில் இட்டு இறுக மூடிவைப்பது பழைய வழக்கம். அந்த மூடியைத் திறந்து வைத்தவர்க்கு, அதைக் கேட்பார் ஒருவரும் இல்லை என்னும் துணிவு இருந்திருக்க வேண்டும்.

ரசம் நுரைகட்டிப் பொங்கும் தருணத்தில் இறக்கப்பட வேண்டியது. அடுப்பில் மாலை முழுதும் கொதித்த ரசத்தில் மிளகின் மணமும் தாளிதத்தின் மணமும் ஆவியோடு போய்விட, புளியின் கடுப்பு மட்டும் தங்கியது. எல்லாவற்றினும் பெரிய ஏமாற்றம் பெயர்பெற்ற அந்தப் பிரட்டலே. பிரட்டல் என்னும் சொல்லே அதன் செய்முறையைக் கூறுகிறது. வெங்காயத்தைப் பொறுமையாக வதக்கி, இஞ்சியும் பூண்டும் பச்சை வாடை நீங்கும்வரை கிளறி, மசாலையில் எண்ணெய் பிரிந்த பின் எலும்போடு கூடிய கறியை இட்டு, அதன் சாற்றிலேயே வேகவைத்து, குழம்பு வற்றிக் கறியைப் பற்றிக்கொள்ளும்வரை பிரட்டிக்கொண்டேயிருத்தல் வேண்டும். அன்று இலைக்கு வந்த கறி தனியே வேகவைக்கப்பட்டது. அதன்மேல் ஒரு பொதுக் குழம்பு ஊற்றப்பட்டிருந்தது. ஆட்டுக்கறிக்கும் கோழிக்கும் மீனுக்கும் அதே குழம்பு என்பதை, மூன்றையும் சுவைத்த பாட்டி ஒரே வாயில் கண்டுகொண்டார். கறியில் மசாலை ஏறவில்லை. மசாலையில் கறி இறங்கவில்லை.

உண்டு முடிந்தபின் கடைக்காரர் மேசையருகே வந்து, "சாப்பாடு எப்படிங்க ஐயா?" என்று கேட்டார். குடும்பத் தலைவர் பாதிக்குமேல் எஞ்சிய இலையை மடித்தபடி, "நல்லா இருந்துச்சு தம்பி" என்றார். கடைக்காரர் மகிழ்ந்து அடுத்த மேசைக்குச் சென்றார். இதனினும் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. உணவு வந்தவுடன் மகன் கைப்பேசியில் எடுத்த இலையின் படம், ஒரு வாய் உண்ணுமுன்பே, 'தைப்பிங் வந்தால் இங்கே வாருங்கள்' என்னும் சொற்களோடு உறவினர் பலர்க்குச் சென்றுவிட்டது. ஏமாந்தவர் வாயிலாகவே ஏமாற்றம் அடுத்தவர்க்கு அனுப்பப்பட்டது.

புகழ் பழுதாகும் வழி

மூவரும் பொய் கூறினரா எனின், இல்லை. உறவினர் அங்கு உண்டது பல்லாண்டுகளுக்கு முன். உடன் பணிபுரிபவர் உண்டது நண்பகலில். வண்டிக்காரர் கேட்டதைக் கூறினார். வாழையிலைச் சாப்பாடு இயல்பிலேயே பகலுணவு. காலையில் அரிந்து, பத்து மணிக்குத் தாளித்து, நண்பகலில் பந்தியில் இடும் ஒழுங்கில் அமைந்தது அது. அதே உணவை இரவில் தர வேண்டுமெனில் இரண்டாம் முறை சமைக்க ஆள் வேண்டும். இந்திய உணவகங்களில் சமையலுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது நாடறிந்த முறையீடு. ஆகவே பகலின் எச்சம் இரவின் பந்தியாகிறது. பரிந்துரையோ பகல், இரவு என்னும் பிரிவை அறியாது; யார் கை சமைத்தது என்பதையும் அறியாது. பெயரை மட்டும் சுமந்துகொண்டு அது ஊர் ஊராகச் செல்கிறது.

மேலும், நாள்தோறும் வருபவன் போய், ஒருநாள் மட்டும் வருபவன் அமரும்பொழுது உணவகத்தின் இயல்பே மாறுகிறது. ஒருநாள் விருந்தினன் மீண்டும் வரப்போவதில்லை. அவன் மனநிறைவு கடையின் வருவாயைத் தொடுவதில்லை. அவன் இடத்தில் அமர மற்றொருவன் மழையில் காத்து நிற்கிறான். ஏரியும் மலையும் அழைத்துவரும் கூட்டத்தைத் தன் சமையல் அழைத்துவந்ததாகக் கடை எண்ணிக்கொள்கிறது.

இது தைப்பிங்கிற்கு மட்டும் உரிய நோயன்று. பிரான்சின் பர்கண்டியிலும் அமெரிக்காவின் நாப்பா பள்ளத்தாக்கிலும் திராட்சைத் தோட்டங்களையும் மதுவையும் நாடி வரும் வழிப்போக்கரை நம்பி உணவகங்கள் பல நடைபெறுகின்றன. அங்கும் நிலத்தின் அழகு அடுப்பின் குறையை மூடக்கூடும். ஆயினும் அந்நாடுகள் இந்நோய்க்கு ஒரு மருந்து தேடின.

வழிகாட்டிகளும் தராசும்

மிச்செலின் சகோதரர்கள் 1900இல் பிரான்சில் ஏறத்தாழ 35,000 படிகள் அச்சிட்டு ஒரு வழிகாட்டி நூலை இலவசமாக வழங்கினர். அவர்கள் செய்தது டயர். வண்டிகள் மிகுதியாக ஓடினால் டயர் மிகுதியாகத் தேயும் என்பது அவர்கள் கணக்கு. 1926இல் சிறந்த உணவகங்களுக்கு விண்மீன் அடையாளம் இடப்பட்டது. 1931இல் அது மூன்று படிநிலைகளாயிற்று. மூன்று விண்மீன் எனின், அவ்வுணவுக்காகவே ஒரு பயணம் செய்யலாம் என்பது பொருள். தைப்பிங்கிற்கு அண்மையிலுள்ள கோலாகங்சாரில் 1877இல் ஹியூ லோ நட்டுவளர்த்த ரப்பர்க் கன்றுகள் இந்நாட்டு ரப்பர்ப் பயிரின் தொடக்கங்களுள் ஒன்று. அப்பயிர் பெருகிய தோட்டங்களில் தமிழர் வெட்டிய பால்தான் உலகின் டயர்த் தொழிலுக்கு ஊட்டமாயிற்று. டயரின் பொருட்டுப் பிறந்த வழிகாட்டி, 2022 டிசம்பரில் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் தன் முதல் தேர்வை அறிவித்தது. பால் சென்ற வழியே தராசு திரும்பி வந்தது எனலாம்.

அத்தராசின் ஒழுங்கு கற்கத்தக்கது. அவ்வழிகாட்டியின் ஆய்வாளர் தம்மை அறிவித்துக்கொள்வதில்லை. உண்டதற்குப் பணம் செலுத்துவர். 'நியூயார்க் டைம்ஸ்' இதழின் உணவுப் பகுதியை 1957 முதல் நடத்திய கிரெய்க் கிளெய்போர்னும் இத்தகைய நெறியை வகுத்தார்: ஒரே உணவைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது, பன்முறை செல்ல வேண்டும், செலவு இதழினுடையதாக இருக்க வேண்டும். நாப்பா பள்ளத்தாக்கின் 'பிரெஞ்சு லாண்டரி'யால் புகழ்பெற்ற தாமஸ் கெல்லர் நியூயார்க்கில் நடத்தும் 'பெர் சே' உணவகத்தை, அதே இதழின் பீட் வெல்ஸ் 2016 ஜனவரியில் கடுமையாகக் குறைகூறி, நான்கு விண்மீனிலிருந்து இரண்டாகத் தாழ்த்தினார். கெல்லர் சினந்து மறுக்கவில்லை; வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். குறைகேட்ட சமையற்காரர் சிறுமையுறுவதில்லை என்பதற்கு இது சான்று.

எனினும் தராசைப் பிடிக்கும் கை நடுங்க வேண்டும் என்பதற்கும் சான்றுண்டு. பர்கண்டியின் சோலியே ஊரில் உணவகம் நடத்திய பெர்னார் லுவாசோ 2003 பிப்ரவரியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதற்குச் சில நாள் முன் 'கோமியோ' வழிகாட்டி அவருடைய மதிப்பெண்ணை இருபதுக்கு 19இலிருந்து 17ஆகக் குறைத்திருந்தது. கடனும் உளச்சோர்வும் அவரை அழுத்தியிருந்தமையால், மதிப்பெண்ணே காரணம் என்று துணிதல் தகாது. ஆயினும் அடுப்படியில் நிற்பவனும் மனிதனே என்பதைத் திறனாய்வாளர் ஒருபொழுதும் மறத்தலாகாது.

குறைகூறும் கடன்

இவற்றை எண்ணுவோர் ஒரு தடையை எழுப்புதல் கூடும். பெருநகர உணவகங்களுக்குரிய தராசைத் தைப்பிங்கின் சிறுகடைக்குக் கொண்டுவருதல் நேர்மையா? கடைக்காரர் நம்மவர், வாடகையும் விலைவாசியும் ஏறுகின்றன, அவர் பிழைப்பில் மண்ணைப் போடலாமா? இத்தடை இரக்கத்தில் பிறந்தது. அவ்விரக்கம் யாருக்குப் பயன்பட்டது என்பதே வினா. "நல்லா இருந்துச்சு தம்பி" என்னும் சொல்லால் கடைக்காரர் ஒரு புன்னகை பெற்றார். தம் ரசம் கெட்டிருப்பதை அறியும் வாய்ப்பை இழந்தார். ஒருநாள் கூட்டம் குறையும். அன்று அவர் மழையையும் விலைவாசியையும் பழிப்பாரே அன்றி, பிரட்டலில் புகுந்த பொதுக் குழம்பை அறியார், அறிவித்தவர் எவருமிலர்.

மாணவர் எழுதிய கட்டுரை அனைத்திற்கும் முழு மதிப்பெண் இடும் ஆசிரியரை மாணவர் விரும்புவர். தேர்வு வந்தபின் வெறுப்பர். சிவப்பு மையை அஞ்சிய வகுப்பில் எழுத்து வளர்வதில்லை. நம் இலக்கிய மேடைகளின் நிலையும் இதுவே. நூல் வெளியீட்டு விழாக்களில் மாலையும் புகழுரையும் மிகுதி; நூலைப் படித்துக் குறைகூறுவார் அரியர். 'நம்மவர் நூல்' என்பதற்காகப் புகழ்வதும், 'நம்மவர் கடை' என்பதற்காகப் பரிந்துரைப்பதும் ஒரே செயலின் இரு வடிவங்கள். இரண்டிலும் படைப்பவன் தனித்து விடப்படுகிறான். இரண்டிலும் அடுத்து வருபவன் ஏமாற்றப்படுகிறான்.

ஆகவே பரிந்துரைக்கும் நெறி ஒன்று வேண்டும். எந்த ஆண்டு உண்டது, பகலிலா இரவிலா, எந்தப் பண்டம் என்பவற்றைச் சேர்த்துக் கூறுக. கேள்வியுற்றதைக் கண்டதாகக் கூறற்க. உண்ணுமுன் புகழற்க. குறை கண்டவிடத்து, ஊராரிடம் கூறுமுன் கடைக்காரரிடம், பிறர் செவிபடாமல், இன்ன பண்டத்தில் இன்ன குறை என்று தெளிவாகக் கூறுக. "எதுவும் சரியில்லை" என்பது வசை. "ரசம் நெடுநேரம் கொதித்துவிட்டது, சிறிது சிறிதாகக் கூட்டிவைத்தால் நன்றாயிருக்கும்" என்பது உதவி. மறுமுறை சென்று, திருந்தியிருப்பின் அதையும் பலரறியக் கூறுக. கடைக்காரரும், பிரட்டலை உரியவாறு செய்ய ஆளில்லாத இரவில், "இன்று பிரட்டல் இல்லை" என்று எழுதிவைக்கத் துணிதல் வேண்டும். அந்த ஒரு பலகை, பத்துப் பரிந்துரைகளினும் கடையின் பெயரைக் காக்கும்.

தோட்டத்துக் கோடிவீட்டு அடுப்புகளிலிருந்து நகரத்துப் பந்திக்கு வந்த இச்சமையல், ஓலைச்சுவடியிலோ அச்சு நூலிலோ காக்கப்பட்டதன்று. சமைத்தவர் கையிலும் உண்டவர் நாக்கிலுமே அது வாழ்ந்தது. கைகள் ஓய்ந்து வருகின்றன. நாக்கும் உண்மை கூற மறுத்தால், பிரட்டல் என்னும் பெயர் மட்டும் பலகையில் நிற்கும், பொருள் மறைந்துவிடும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பவர், உப்புக் குறைந்த நாளில் அதை அவரிடம் சொல்லவும் கடமைப்பட்டவர்.